அந்தக் கட்டத்தில் ஒரு பெயர்தான் போடலாம்

எங்கள் ஆபீசில் வேலையைப் பிரித்துக்கொள்ள ஜிரா என்ற மென்பொருளை வைத்திருக்கிறோம். ஒரு வேலைக்கு ஒரு டிக்கெட். ஒவ்வொரு டிக்கெட்டிலும் 'அசைனீ', அதாவது இது யார் வேலை, என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு பெயர்தான் போடலாம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை, நாலு பேர் ராத்திரி பதினொரு மணி வரை மல்லுக்கட்டிய வேலை, எதுவானாலும் ஒரே பெயர்.

நான் டெஸ்டர். 17 வருடமாக அடுத்தவர் எழுதிய மென்பொருள் கோடில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். அதில் ஏறக்குறைய 12 வருடம் 'அஜைல்' என்று சொல்லிக்கொண்ட டீம்களில். வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி எல்லாரும் சேர்ந்து செய்வோம் என்கிற முறை அது. எல்லாரும் சேர்ந்தே பொறுப்பு என்கிற மாதிரி ஏதாவது ஒரு போஸ்டர் ஒட்டாத சுவரை நான் பார்த்ததில்லை. அந்தப் போஸ்டரும் இந்தக் கட்டமும் ஒரே அறையில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

2008-ல் சென்னை ஓஎம்ஆரில் வேலைக்குச் சேர்ந்தபோது பொறுப்பு பற்றி யாருக்கும் குழப்பம் இல்லை. முதலில் ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட், இருநூறு பக்கம். அதற்குக் கையெழுத்து. பிறகு டிசைன், அதற்கும் கையெழுத்து. பிறகு கோடிங். எல்லாம் முடிந்தபின் கடைசியில் டெஸ்டிங். கையெழுத்து வாங்கியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். முன்னால் இருந்தவர்கள் தாமதித்த ஒவ்வொரு நாளும் எங்கள் கணக்கில் கழியும். திட்டத்தில் ஆறு வாரம் என்று இருப்பது கைக்கு வரும்போது ஒன்பது நாள் ஆகியிருக்கும். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்காரர் நிலைமைதான். பாயசம் தீர்ந்திருக்கும், ஆனால் "சீக்கிரம் எந்திரிங்க, ஹாலைக் காலி பண்ணணும்" என்று மட்டும் நம்மிடம் சொல்வார்கள்.

இந்த வாட்டர்ஃபால் முறைக்குத் தந்தை என்று வின்ஸ்டன் ராய்ஸ் பெயரைச் சொல்வது வழக்கம். பாவம் அந்த மனிதர். 1970-ல் அவர் எழுதிய கட்டுரையில் படிப்படியாக இறங்கும் அந்தப் படம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இதை அப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியைக் கூப்பிட்டு உட்கார வைப்பதாகும் என்ற பொருளில் அவரே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். 'வாட்டர்ஃபால்' என்ற சொல்லே அதில் கிடையாது. படத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தைத் திருப்பவில்லை.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். 4 விழுமியங்கள், 12 கொள்கைகள். தொழில் தெரிந்தவர்களும் மென்பொருள் எழுதுபவர்களும் தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அந்தப் பன்னிரண்டில் ஒன்று. நான் இதைப் படித்தபோது வேறொன்றைத் தேடினேன். டெஸ்டர் என்ற சொல் அந்த அறிக்கையிலும் இல்லை, கொள்கைகளிலும் இல்லை. கையெழுத்திட்ட 17 பேரும் ஆண்கள். டெஸ்டிங் உலகத்து ஆள் என்று சொல்லிக்கொள்ள பிரையன் மாரிக் ஒருவர் இருந்தார். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் டெஸ்டருக்குத் தனி நாற்காலி இல்லாததற்கு இரண்டு அர்த்தம் எடுக்கலாம். தரம் எல்லாருடைய வேலை என்று எடுக்கலாம். அப்படியொரு ஆளே தேவையில்லை என்றும் எடுக்கலாம். என் வாழ்நாளில் இரண்டு விதமாக எடுத்தவர்களையும் சந்தித்துவிட்டேன்.

அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் என்ற பெயர் அந்த அறிக்கைக்கும் முந்தியது. 1986-ல் ஹிரோடாகா தாகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனன், ஃபூஜி ஜெராக்ஸ் போன்ற கம்பெனிகள் புதிய பொருட்களை எப்படிச் செய்கின்றன என்று பார்த்தவர்கள், பழைய முறையைத் தொடர் ஓட்டத்துக்கும் புதிய முறையை ரக்பிக்கும் ஒப்பிட்டார்கள். தொடர் ஓட்டத்தில் என் கட்டையைக் கொடுத்துவிட்டால் நான் நின்றுவிடலாம். ரக்பியில் பந்தைக் கை மாற்றி மாற்றி எல்லாரும் ஒன்றாக ஓட வேண்டும். அதிலிருந்து 'ஸ்க்ரம்' என்ற ரக்பிச் சொல்லை எடுத்துக்கொண்டு ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் 1995-ல் ஸ்க்ரமை ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள்.

ரக்பி நான் பார்த்ததில்லை. கபடி பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பொங்கல் கபடியில் பாடி வருகிறவனைப் பிடிக்கும்போது ஒருவன் காலைப் பிடிப்பான், இன்னொருவன் இடுப்பை, மூன்றாமவன் மேலே விழுவான். யார் பிடித்தது என்று கேட்டால் ஊரே சிரிக்கும். இப்போது டிவியில் வரும் கபடியில் அதற்கும் ஒருவன் பெயரில் பாயின்ட் எழுதுகிறார்கள். முதலில் கை வைத்தவனுக்கு. மற்றவர்கள் விரிப்பில் கிடந்து எழுந்து தட்டிவிட்டுக்கொள்கிறார்கள். அசைனீ கட்டம் அங்கேயும் போய்விட்டது.

எங்களுக்கு அஜைல் வந்தது 2013-ல். இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ். வெள்ளிக்கிழமை வரை பிராஜெக்ட் மேனேஜராக இருந்தவர் திங்கட்கிழமை ஸ்க்ரம் மாஸ்டர், அதாவது டீம் ஸ்க்ரம் முறைப்படி நடக்க உதவும் ஆள். தினமும் 15 நிமிட ஸ்டாண்ட்அப் கூட்டம். கிளையன்ட் சிகாகோவில் என்பதால் அவர்களுக்குக் காலை 9, நமக்கு மாலை 7.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்ததும் அது 8.30 ஆகிவிடும். ஆபீஸ் கேப் 8.15-க்குக் கிளம்பிவிடும். குளிர்காலம் முழுக்க எங்கள் டீமில் பாதிப்பேர் சோழிங்கநல்லூர் சிக்னலில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டுதான் 'ஒன்றுகூடினோம்'.

அந்த ஸ்டாண்ட்அப்பில் நடந்தது என்ன? ஒவ்வொருவராக மேனேஜரைப் பார்த்துப் பேசுவோம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை உண்டா. என் முறை முடிந்ததும் மியூட். பக்கத்து ஆள் சொல்வது காதில் விழாது, விழ வேண்டிய அவசியமும் இல்லை. 2020-ல் ஸ்க்ரம் கையேட்டைத் திருத்தியபோது அந்த மூன்று கேள்விகளையே எடுத்துவிட்டார்கள். எங்கள் டீமுக்கு அந்தச் சேதி வந்து சேர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

அந்தக் கூட்டத்தில் எல்லாரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "என் சைடுல முடிஞ்சது." டெவலப்பர் சொல்வார், "டெவ் கம்ப்ளீட்." நான் சொல்வேன், "டெஸ்டிங் டன், சைன்-ஆஃப் கொடுத்தாச்சு." டேட்டாபேஸ் ஆள் சொல்வார், "ஸ்க்ரிப்ட் ஷேர் பண்ணிட்டேன்." எல்லாருடைய சைடும் முடிந்திருக்கும், வேலை முடிந்திருக்காது. ஸ்பிரின்ட் என்று பெயர் மாற்றியிருந்தோமே தவிர, இரண்டு வாரத்துக்கு ஒரு குட்டி வாட்டர்ஃபால்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்ல வேண்டும். பெயர் எதுவும் வேண்டாம். ஒரு அமெரிக்கக் காப்பீட்டு வேலை. பிரீமியம் கட்டச் சொல்லி வாடிக்கையாளருக்குப் போகும் நினைவூட்டல் கடிதத்தில், அடுத்து கட்ட வேண்டிய கடைசித் தேதியை அச்சிட வேண்டும். ஸ்டோரியில், அதாவது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் குறிப்பில், எழுதியிருந்தது, முந்தைய தேதியிலிருந்து ஒரு மாதம் கழித்து. எட்டு பாயின்ட் (வேலையின் அளவுக்கு நாங்கள் போடும் எண்) வேலையில் இது ஒரு வரி.

டெவலப்பர் ஒரு மாதத்துக்கு 30 நாள் கூட்டினார். நான் சோதித்தது நவம்பரில். நவம்பர் 10 போட்டேன், டிசம்பர் 10 வந்தது. டிக் அடித்தேன். நவம்பருக்கு 30 நாள், தெரியுமல்லவா. என்ன வேண்டும் என்று கிளையன்ட் பக்கத்திலிருந்து முடிவு செய்யும் புராடக்ட் ஓனர் டெமோவில் பார்த்தார், அவரும் சரி என்றார். ரிலீஸ் ஆனது. டிசம்பர் தேதிகளுக்கு ஒரு நாள் முன்கூட்டியே வந்தது, யாருக்கும் உறைக்கவில்லை. ஜனவரி 30, 31 என்ற இரண்டே தேதிகளில்தான் விஷயம் வெடித்தது. ஜனவரி 31-ஓடு 30 நாள் கூட்டினால் மார்ச் 2. கடிதம் மார்ச் 2 வரை நேரம் இருக்கிறது என்றது. வேறொரு டீம் எழுதிய மெயின் சிஸ்டமோ பிப்ரவரி 28 என்று சரியாகவே வைத்திருந்தது. மார்ச் 1 காலையில் சில நூறு பேருடைய பாலிசி காலாவதிப் பட்டியலில் விழுந்தது. அவர்கள் கையில் நாம் அனுப்பிய கடிதம்.

சிகாகோவில் திங்கட்கிழமை காலை எஸ்கலேஷன், மேலிடம் வரை புகார். இங்கே ராத்திரி. ஆர்சிஏ கால் என்று ஒன்று போடுவார்கள், மூலகாரணம் கண்டுபிடிக்க. ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே உள்ளே இறங்குவது டொயோட்டாவில் வந்த பழக்கம். எங்கள் போன் கூட்டத்தில் 'யார்' என்று ஒரே ஒரு முறை கேட்டார்கள், முடிந்தது. படிவத்தில் 'எந்தக் கட்டத்தில் தவறவிடப்பட்டது' என்ற வரிசையில் டெஸ்டிங் என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டார்கள். டிக்கெட்டில் கடைசி அசைனீ நான்தான்.

தப்பு என்னுடையது இல்லை என்று சொல்ல வரவில்லை. மாதக்கடைசித் தேதியைச் சோதிக்காத டெஸ்டர் எதற்கு? அன்று ராத்திரி தூங்கவில்லை. ஆனால் 'ஒரு மாதம்' என்று எழுதியவருக்கு 31-ஆம் தேதி பற்றிப் பதில் தெரிந்திருக்கும். அவர் அந்தத் தொழிலில் இருபது வருடம் இருந்தவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை. 30 என்று எழுதிய டெவலப்பருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்ததாம், பிறகு என்னிடம் சொன்னார். "டெஸ்ட்ல புடிச்சிடுவீங்கன்னு நினைச்சேங்க." நான் நினைத்தது, ஸ்டோரி எழுதியவர் யோசித்திருப்பார் என்று. நாலு பேர் பார்த்த வரி அது. நாலு பேரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று பார்த்தோம்.

என் அம்மா ஊர் திருவாரூர். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், அஜைல் பயிற்சியில்கூட ஒருத்தர் காட்டினார். வடம் பிடிப்பவர்களைத்தான் போட்டோ எடுப்பார்கள். நான் சின்ன வயதில் பார்த்தது சக்கரத்துக்குக் கீழே இருப்பவர்களை. முட்டுக்கட்டை போடுகிறவர்கள். அத்தனை பெரிய ஆழித்தேரை வீதி முனையில் திருப்புவது வடம் அல்ல, சரியான நேரத்தில் சரியான சக்கரத்துக்குக் கீழே செருகும் கட்டை. திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் கட்டை போடுபவர்கள் போய்விடவில்லை. மொத்தக் கூட்டத்திலும் உயிருக்கு அதிக ஆபத்து அவர்களுக்குத்தான். ஆனால் பேச்சுத்தமிழில் முட்டுக்கட்டை என்றால் என்ன அர்த்தம்? வேலையைக் கெடுப்பது. ஸ்டாண்ட்அப்பில் என்னைப் பார்த்து "டெஸ்டிங்தான் பிளாக்கர்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தேர்ச்சக்கரம்தான் ஞாபகம் வரும்.

அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு டீம் மாறியது. போதனையால் அல்ல, சிகாகோவில் புராடக்ட் ஓனர் மாறினார். புதிதாக வந்த அம்மாள் முதல் வாரத்திலேயே ஒரு பழக்கம் கொண்டுவந்தார். எந்த ஸ்டோரியையும் கோடு எழுதத் தொடங்கும் முன் அவரும், எழுதப்போகும் டெவலப்பரும், சோதிக்கப்போகும் டெஸ்டரும் இருபது நிமிடம் பேச வேண்டும். உதாரணத்தோடு. 'ஒரு மாதம்' என்று சொல்லக்கூடாது, 'ஜனவரி 31 என்றால் என்ன தேதி' என்று கேட்க வேண்டும். த்ரீ அமிகோஸ் என்று தொழிலில் இதற்குப் பெயர் உண்டு. பெயர் கிடக்கட்டும். 17 வருடத்தில் எனக்குப் பந்தியில் முதல் வரிசை கிடைத்தது அப்போதுதான்.

மதிப்பீடு செய்யும் விதமும் மாறியது. பிளானிங் போக்கர் என்ற சீட்டு விளையாட்டை 2002-ல் ஜேம்ஸ் கிரென்னிங் என்பவர் யோசித்தார். வேலையின் அளவை ஒவ்வொருவரும் மனதில் ஒரு எண்ணாக நினைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்ப வேண்டும். 1, 2, 3, 5, 8, 13 என்று போகும். நாங்களும் வெகுநாளாக விளையாடிக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் லீடு முகத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டை எடுப்போம். புதிய அம்மாள், அதிக எண் காட்டியவரும் குறைந்த எண் காட்டியவரும்தான் முதலில் பேச வேண்டும் என்றார். ஒருநாள் எல்லாரும் 3 காட்ட, சேர்ந்து ஐந்து மாதமே ஆன தம்பி ஒருவன் 13 காட்டினான்.

"என்னப்பா, பதிமூணா? ரெண்டு நாள் வேலைடா இது," என்றார் லீடு.

"இல்லண்ணா, பிரின்ட் பண்ற வென்டாருக்குப் போற ஃபைல்ல தேதி டெக்ஸ்ட்டாதான் போகுது. அப்போ ஸ்பானிஷ் லெட்டர் டெம்ப்ளேட்டையும் மாத்தணும்ல?"

ஐந்து வினாடி யாரும் பேசவில்லை. ஸ்பானிஷ் கடிதம் என்று ஒன்று இருப்பதே லீடுக்கு மறந்துபோயிருந்தது. இந்தப் பையனுக்கு கேடி (புது ஆளுக்குப் பழைய வேலையைக் கற்றுக்கொடுப்பது) என்ற பெயரில் ஒரு மாதம் வேறு வேலை கொடுக்காமல் பழைய ஃபைல்களைப் படிக்க விட்டிருந்தார்கள், அதனால் தெரிந்தது. டீமில் யாருக்கு எது தெரியும் என்பது பதவியை வைத்துச் சொல்ல முடியாத விஷயம். எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஐந்து வினாடி. ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் ரான் ஜெஃப்ரீஸே பிற்காலத்தில் அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். கம்பெனிகள் அந்த எண்ணை வைத்து ஆட்களை அளக்கத் தொடங்கிவிட்டன. பேச வைப்பதற்காக வந்த சீட்டு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் ஆகிவிட்டது.

ஆனால் எங்கள் டீமை நிஜமாகப் புரட்டிப்போட்டது இதெல்லாம் இல்லை. ஒரு சின்ன எண். டிக்கெட்டுகள் நிற்கும் போர்டில் 'ரெடி ஃபார் டெஸ்ட்' என்ற வரிசையில் மூன்று டிக்கெட்டுக்கு மேல் நிற்கக்கூடாது. நான்காவது வந்தால், டெவலப்பர்கள் புது வேலை எடுக்காமல் டெஸ்டிங்கில் வந்து கைகொடுக்க வேண்டும். நடப்பு வேலைக்கு வரம்பு வைப்பது கான்பான் முறை. அதை மென்பொருள் வேலைக்குக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சனின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று, 2004 வாக்கில் மைக்ரோசாஃப்ட்டின் ஹைதராபாத் டீம் ஒன்றோடு நடந்தது. நம் பக்கத்து ஊரில் பரீட்சித்துப் பார்த்த சங்கதியை நாங்கள் சிகாகோ வழியாகக் கற்றுக்கொண்டோம்.

முதல் வாரமே நான்காவது டிக்கெட் வந்து நின்றது. சீனியர் டெவலப்பருக்கு முகம் சுருங்கியது. "நான் டெஸ்டிங் பண்ணவா இங்க வந்தேன்?" என்று என் காதுபடவே சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடிக்கவில்லை. இவர்களே சோதித்துவிட்டால் நான் எதற்கு என்று வயிற்றைக் கலக்கியது. இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே மேஜையில் உட்கார்ந்தோம்.

ஒரு டெஸ்ட் செய்ய முதலில் ஒரு போலி பாலிசி உருவாக்க வேண்டும். மூன்று ஸ்க்ரீன், அறுபதுக்கு மேல் கட்டங்கள், இடையில் ராத்திரி ஓடும் ஒரு பேட்ச் வேலை முடிந்தால்தான் அடுத்த ஸ்க்ரீன் திறக்கும். அவசரத்துக்கு அந்த பேட்சைக் கையால் ஓட்டச் சொல்லி வேறொரு டீமுக்கு மெயில் போட வேண்டும். மனிதர் இரண்டு பாலிசி உருவாக்கினார். மூன்றாவதில் நிறுத்தினார்.

"தினம் இதையா பண்றீங்க?"

"ஆறு வருஷமா."

"சொல்லவே இல்லையே?"

"ரெட்ரோ மீட்டிங்ல மூணு தடவை சொல்லியிருக்கேன். மினிட்ஸ்ல இருக்கும்."

அடுத்த நாள் மதியத்துக்குள் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதிவிட்டார். ஒரு கமாண்ட் தட்டினால் பாலிசி தயார். நாற்பது நிமிட வேலை இரண்டு நிமிடம் ஆனது. ஆறு வருடமாக நான் 'டிபென்டன்சி' என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஒரு நாளில் தீர்த்தார், காரணம் அவருடைய விரல் வலித்தது. அதற்கு ஈடாக, கோடு ரிவ்யூவில் என்னை உட்கார வைத்தார். எனக்குக் கோடு எழுத வராது, ஆனால் 'இந்த மதிப்பு காலியாக வந்தால்?' என்று கேட்க வரும்.

வேலையைப் பங்கிடுவது என்றால், சாம்பார் உனக்கு, ரசம் எனக்கு என்று பிரிப்பதாகத்தான் நினைக்கிறோம். அது பழைய காலத்திலேயே நன்றாகத்தான் இருந்தது. கஷ்டத்தை ஒருமுறை மாற்றிச் சுமந்து பார்ப்பது வேறு. கென்ட் பெக் 1996-ல் கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளக் கணக்கு மென்பொருளுக்குப் போனபோது உருவான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கில், கோடு எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எதையும் திருத்தலாம் என்று ஒரு விதி இருந்தது. கேட்கச் சந்தைக்கடை மாதிரி இருக்கும். அது நடந்ததற்குக் காரணம், ஒவ்வொரு துண்டுக்கும் தானாக ஓடும் டெஸ்ட் இருந்ததும், இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து எழுதியதும்தான். அந்த மென்பொருளும் எல்லா ஊழியருக்கும் போய்ச் சேரும் முன்பே 2000-ல் நிறுத்தப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிகளில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றையும் எல்லாரும் என்றும் விட முடியாது. ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்து போன் அடித்தால் 'டீம்' எடுக்காது, ஒரு ஆள்தான் எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தோம், டெஸ்டர்களும் சேர்த்து. அடுத்து எந்த வேலை என்று முடிவு செய்ய புராடக்ட் ஓனர் ஒருவர்தான் இருக்க வேண்டும், கமிட்டி கூடாது என்று ஸ்க்ரம் கையேடே சொல்கிறது. அந்த அசைனீ கட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. யாரைக் கேட்டால் விவரம் தெரியும் என்பதற்கு அதில் ஒரு பெயர் வேண்டும். யாரைத் திட்டலாம் என்பதற்கு அதைத் திறந்து பார்க்கும்போதுதான் கெடுகிறது. அப்படிப் பார்க்கும் டீமில், டிக்கெட் தன் பெயரில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதே எல்லாருக்கும் வேலையாகிவிடும். சூடான தோசைக்கல் மாதிரி கை மாறிக்கொண்டே இருக்கும்.

டீம் 14 பேராக இருந்ததை இரண்டாகப் பிரித்ததும் உதவியது. ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே போட்ட கணக்கு இது. 14 பேர் ஒருவரோடு ஒருவர் பேச 91 இணைப்பு, 7 பேருக்கு 21. பதினான்கு பேர் கூடினால் எப்படியும் ஐந்து பேர்தான் பேசுவார்கள். ஏழு பேரில் ஒருவன் மியூட்டில் இருந்தால் தெரிந்துவிடும்.

ஒரு விஷயம் எதிர்பார்க்காதது. நாலு மாதத்தில் எங்கள் டீமில் பதிவான டிஃபெக்ட் (பிழை) எண்ணிக்கை ஏறியது. டெலிவரி மேனேஜர் கலங்கிப்போய்க் கூப்பிட்டார். "என்னங்க, அஜைல் சரியா பண்றோம்னீங்க, கிராஃப் மேல போகுது?" அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தவர், நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் அதிகமாக இருந்தது. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்று பிறகு புரிந்தது. 1999-ல் அவர் எழுதிய கட்டுரையால்தான் 'உளவியல் பாதுகாப்பு' என்ற சொல் இன்று ஒவ்வொரு ஹெச்ஆர் ஸ்லைடிலும் இருக்கிறது. எங்கள் டீமிலும் டெவலப்பர்கள் தாங்கள் எழுதியதில் தாங்களே கண்டுபிடித்ததைச் சத்தமில்லாமல் திருத்துவதை விட்டுவிட்டு டிக்கெட் போட ஆரம்பித்திருந்தார்கள். கிராஃப் ஏறாமல் என்ன செய்யும்.

தீராதது அப்ரைசல். வருடத்துக்கு ஒருமுறை பெல் கர்வ் வருகிறது. ஏழு பேரில் ஒருவர் மேலே, ஒருவர் கட்டாயம் கீழே. 'உங்கள் தனிப்பட்ட பங்களிப்பு' என்று படிவம் கேட்கிறது. அந்த சீனியர் டெவலப்பர் ஸ்க்ரிப்ட் எழுதிய இரண்டு வாரத்தில் அவர் பெயரில் முடிந்த ஸ்டோரி குறைவு. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அந்த வருடம் அவருக்கு நடுத்தர ரேட்டிங்தான். "அடுத்த தடவை யாராவது வந்து உதவி கேட்டா யோசிப்பேன்" என்று கேன்டீனில் சொன்னார். சொன்னாரே தவிர யோசிக்கவில்லை, அடுத்த வாரமே வந்து உட்கார்ந்தார். ஆனால் ஒரு முறைமை ஆட்களின் நல்ல குணத்தை நம்பித்தான் ஓடுகிறது என்றால் அது எத்தனை நாள் ஓடும் என்று எனக்குச் சந்தேகம். கம்பெனி மேல்மட்டத்தில் அஜைல் கோச் என்று ஒருவர் இருக்கிறார். இதை அவரிடம் கேட்டேன். நல்ல கேள்வி என்றார்.

போன வருடம் அந்த பிராஜெக்டிலிருந்து வெளியே வந்தேன். எனக்குப் பதிலாக வந்த பெண்ணுக்கு மூன்று வாரம் கேடி கொடுத்தேன். ராத்திரி ஓடும் டெஸ்ட் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள். அதன் பெயர் 'ஜனவரி 31'.

"அக்கா, இது ரொம்ப டீடெய்லா இருக்கே. லீப் வருஷம், ஸ்பானிஷ் லெட்டர் எல்லாம் இருக்கு. யார் எழுதினது? டவுட்னா யாரைக் கேட்கணும்?"

யோசித்துப் பார்த்தேன். கேள்விகளைச் சொன்னது நான். ஸ்பானிஷ் அந்தத் தம்பி. லீப் வருடம் புராடக்ட் ஓனர் அம்மாள், போனில். கோடில் எப்படி அடக்குவது என்று சொன்னது சீனியர். ஒரே மானிட்டர் முன்னால் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், மழை நாள், கேப் வரவில்லை.

நான் பதில் சொல்லும் முன் அவளே கிட் பிளேம் போட்டுப் பார்த்துவிட்டாள். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கமாண்ட் அது. அதற்குப் பெயர் வைத்தவர் 'பழி' என்றே வைத்திருக்கிறார். எல்லா வரிக்கும் நேரே தம்பியின் பெயர் வந்தது.

"ஓ, இவர்தானா," என்று குறித்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கீபோர்டு பக்கம் உட்கார்ந்திருந்தது அவன்தான்.